1900 கோவை நிலநடுக்கம்: பழைய பிளவு மீண்டும் நகரும் விதம்

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி, வியாழக்கிழமை, பொழுது விடியும் முன் கோயம்புத்தூர் குலுங்கியது. நடுக்கத்தின் அளவு சுமார் 6 என்று பின்னாளில் மதிப்பிடப்பட்டது. கோவையிலும் குன்னூரிலும் அதிர்வு கடுமையாக இருந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. அன்றைக்குக் கருவிகள் மிகக் குறைவு. எந்த ஊரில் எப்படி ஆடியது, எங்கே சுவர் வெடித்தது, எங்கே உறங்கியவர் விழித்துக்கொண்டார் என்ற செய்திகளைக் கோத்துத்தான் அதன் மையம் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதி என்று குறிக்கப்பட்டது. இப்படிக் குறிக்கும் புள்ளி பல கிலோமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி இருக்கக்கூடும்.

நடுக்கம் என்றால் எங்கோ ஒரு பிளவு நகர்ந்திருக்க வேண்டும். எந்தப் பிளவு என்பதற்கு நிலத்தின் மேல் ஒரு தடயமும் இல்லை. தரை கிழிந்ததாகவோ ஒரு பக்கம் உயர்ந்ததாகவோ பதிவு கிடையாது. இருந்தும் கொங்கு நாட்டின் நிலவியல் வரைபடத்தை விரித்து வைத்தவுடன் பலருடைய விரலும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது: பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே காவிரி வரை ஓடும் அந்தப் பட்டைக்கு. விரல் போகும் இடம் சரிதானா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அதற்கு விடை காண, பூமியின் மேலோடு நெளியும்போது பழைய பிளவொன்று எப்படி, எந்த நிலையில் நகரத் தொடங்குகிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

கணவாயும் பட்டையும்

வடக்கே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா. தெற்கே 2,695 மீட்டரில் ஆனைமுடி. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இல்லை. ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. வாசலுக்கு அடியில் இருப்பது, நிலவியலாளர்கள் பாலக்காடு–காவிரி நறுக்கு மண்டலம் என்று சொல்லும் பாறைப் பட்டை. இதன் வடகிளைகளாக மோயாறும் பவானியும் ஓடும் கோடுகள் இருக்கின்றன. நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையே மோயாறு அவ்வளவு நேராகக் கிழக்கு நோக்கி ஓடுவது ஆற்றின் விருப்பத்தால் அல்ல; நசுங்கி வலுவிழந்த பாறை அங்கே கோடாகக் கிடக்கிறது, ஆறு அதையே அரித்துக்கொண்டு போகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போவது நல்லது. நறுக்கு மண்டலம் வேறு, பிளவு வேறு. இந்தப் பட்டை உருவான காலத்தில், அதாவது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், கடைசியாக 55 கோடி ஆண்டுகளையொட்டியும், இன்று நாம் மிதிக்கும் பாறை பூமிக்குள் 25 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிடந்தது. அந்த வெப்பத்தில் பாறை உடையாது. பரோட்டா மாவு போல இழுபடும். சார்னோக்கைட், நைஸ் என்னும் பாறைகளில் காணும் வரிவரியான கோடுகள் அந்த இழுபாட்டின் தழும்புகள். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மேலே இருந்த பாறை அரிந்து போய், கீழே இருந்தது மேலே வந்து குளிர்ந்தது. குளிர்ந்த பாறை இழுபடாது, உடையும். ஆகவே வரைபடத்தில் உள்ள தடித்த கோடு, பாறை ஒரு காலத்தில் ஒழுகிய இடத்தைக் காட்டுகிறது. இன்று உடைந்து நகரக்கூடிய பிளவு அதன் மேலேயே அமையலாம், அதைக் குறுக்கே வெட்டியும் அமையலாம். வரைபடக் கோட்டைப் பார்த்து "இதுதான் பிளவு, இது எப்போது வேண்டுமானாலும் அசையும்" என்று எழுதுபவர்கள் இந்த ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

மூட்டையும் ட்யூபும்

பிளவு நகர்வதன் இயக்கத்தை வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கலாம். ஒரு மஞ்சள் மூட்டையில் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டி, ட்யூபின் மறுமுனையை மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். முதலில் மூட்டை அசையாது. ட்யூப் மட்டும் நீளும். ஓர் இழுவைக்குப் பிறகு மூட்டை சட்டென்று ஓர் அடி முன்னால் வந்து நிற்கும், ட்யூப் தளரும். இழுப்பவர் கையோ தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே வேகத்தில்தான் போகிறது. புவித்தட்டின் நகர்வு அந்தக் கை. பிளவின் இருபுறமும் உள்ள பாறை ட்யூப். மூட்டைக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுதான் பிளவைப் பிடித்து வைத்திருப்பது. 1906-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்தில் வேலிகளும் சாலைகளும் வெட்டிப் பெயர்ந்திருந்ததையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளையும் ஒப்பிட்டு, பாறை வளைந்து சேர்த்து வைத்த திரிபுதான் பிளவு நழுவும்போது மீள்கிறது என்று 1910-இல் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ரீட் எழுதினார். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அந்தக் கருத்துக்குக் கணக்கைச் சேர்த்தவைதான்.

கணக்கு இது. பிளவை நகர்த்தப் பார்ப்பது அதன் முகத்தோடு இணையாகச் செயல்படும் விசை. பிடித்து வைப்பது முகத்துக்குச் செங்குத்தாக அமுக்கும் விசையை உராய்வு எண்ணால் பெருக்கி வரும் அளவு. எந்தப் பாறையை எடுத்தாலும் உராய்வு எண் பெரும்பாலும் 0.6-இலிருந்து 0.85-க்குள் அடங்கிவிடும் என்பதை 1978-இல் புவி இயற்பியலாளர் பையர்லி காட்டினார். கிரானைட்டோ மணற்கல்லோ, பெரிய வேறுபாடு இல்லை. விதிவிலக்கு களிமண். பிளவுக்குள் பாறை அரைபட்டு, நீர் பட்டுச் சிதைந்து களிமண்ணாகிவிட்டால் உராய்வு எண் பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும்.

பத்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடை மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 2,700 கிலோ அமுக்குகிறது. விரல் நகத்தளவு இடத்தின் மேல் இரண்டு காரை ஏற்றி வைத்தது போல. விரிசல்களில் நீர் நிறைந்திருந்தால், அந்த நீர் தன் பங்குக்கு சுமார் 1,000 கிலோவை எதிர்த்துத் தாங்கும். பாறைக்கும் பாறைக்கும் இடையே மிஞ்சுவது 1,700. நீரின் வேலையைப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். எண்ணெய் போல வழுக்கிவிடுகிறது என்று சொல்வது பிழை. லாரிக்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சற்றே தூக்கினால், டயர் தரையை விட்டு எழும்பாமலேயே அதன் மீதுள்ள பாரம் குறைகிறதல்லவா, அதுபோலப் பிளவின் இரு முகங்களையும் நீர் விலக்கித் தாங்குகிறது. உராய்வு எண் மாறுவதில்லை. அமுக்கும் பாரம் குறைகிறது. அமெரிக்காவின் டென்வர் அருகே 1962 முதல் 1966 வரை 3,671 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றில் கழிவு நீரைச் செலுத்தினார்கள். நீர் செலுத்தச் செலுத்த, அதுவரை அடங்கியிருந்த நிலத்தில் நடுக்கங்கள் வரத் தொடங்கின. நிறுத்திய பிறகும் நீரழுத்தம் மெல்லப் பரவி, 1967-இல் பெரிய நடுக்கங்கள் வந்தன. பிளவு "விழித்துக்கொள்வது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: உள்ளே புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை, பிடியில் ஒரு பங்கு தளர்கிறது.

நிறைந்த குடம்

இமயத்தின் அடியிலோ சுமத்திராவிலோ நடுக்கம் வருவது யாருக்கும் வியப்பல்ல. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது, ஓரத்தில் திரிபு சேருகிறது, ஓரம் உடைகிறது. ஆனால் தீபகற்பத்தின் உட்பகுதி முழுவதையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் நெளிவதில்லை. அப்படியானால் கோவைக்கு 6 அளவு நடுக்கம் எங்கிருந்து வந்தது?

நெளிவு குறைவு என்றால் தகைவும், அதாவது பாறைக்குள் நிற்கும் நெருக்கமும், குறைவு என்று எண்ணுவதில்தான் தவறு இருக்கிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலின் நடுமேடுகள் தட்டைத் தள்ளுகின்றன. வடக்கே இமயம் எதிர்த்து நிற்கிறது. நடுவில் உள்ள தீபகற்பம், ஏறத்தாழ வடக்கு–வடகிழக்குத் திசையில், இரு கைகளுக்கு இடையில் வைத்து நெருக்கிய கட்டைபோல இருக்கிறது. மோதல் தொடங்கி ஐந்து கோடி ஆண்டுகளாகின்றன. நெருக்கம் புதிதாகக் கூடுவது மெதுவாக இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஏறிய பாரம் அங்கேயே நிற்கிறது. ஜெர்மனியில் 9,101 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 1994-இல் அதன் அடியில் சிறிதளவு நீரை அழுத்தத்துடன் செலுத்தியபோது நூற்றுக்கணக்கான நுண்ணிய நடுக்கங்கள் பதிவாயின. பெரிய நடுக்கங்களுக்குப் பெயர்போன இடமல்ல அது. ஆனாலும் அதன் மேலோடு உடைவதற்குச் சற்று முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. நிறைகுடம் தளும்பாது என்பது மனிதர்களுக்குச் சொன்னது, மேலோட்டுக்குப் பொருந்தவில்லை.

குடம் நிறைந்திருப்பதால் மேலே விழும் துளி சிறிதானாலும் போதும். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை 103 மீட்டர் உயரம் கொண்டது. 1962-இல் நீர் தேக்கத் தொடங்கியதிலிருந்து சிறு நடுக்கங்கள் வந்தவண்ணம் இருந்தன. 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவு நடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். நீர்த்தேக்கத்தின் எடை அந்த ஆழத்தில் உள்ள பாரத்தோடு ஒப்பிடக்கூட முடியாத அளவு சிறியது. பிளவு ஏற்கெனவே விளிம்பில் இருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

கொங்கு நாட்டில் இதைப் பேசினால் உடனே மேட்டூர் வந்துவிடும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் முழுக் கொள்ளளவான 120 அடி நீர் நின்றால் அடியில் கூடும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 3.7 கிலோ. 1955-இல் முடிந்த பவானிசாகரில் 105 அடிக்கு 3.2 கிலோ. 1900-இல் இவை இரண்டுமே இல்லை என்பதை மறந்துவிட்டு, கோவை நடுக்கத்துக்கும் அணைக்கும் முடிச்சுப் போடுவோர் உண்டு. அவர்களுக்குத் தேதியே பதில். இன்னொரு பேச்சு, போர்வெல் போட்டுப் போட்டுப் பூமி ஓட்டையாகி ஆடுகிறது என்பது. ஆறரை அங்குலத் துளை ஆயிரம் அடி இறங்கினாலும் 300 மீட்டரைத்தான் தொடும். நடுக்கங்கள் பிறப்பது பல கிலோமீட்டர் கீழே. ஆனால் துளையை விட்டுவிட்டு நீரைப் பற்றிக் கேட்டால், கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. ஸ்பெயினின் லோர்கா நகரில் 2011 மே 11 அன்று வந்த 5.1 அளவு நடுக்கத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை எடுத்து நீர்மட்டம் 250 மீட்டர் இறங்கியதால் பாரம் குறைந்து பிளவு நழுவியது என்று அதை ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். நம் ஊர் கடினப் பாறையில் நிலைமை வேறு. நீர் நிற்பது விரிசல்களில் மட்டும். நூற்றுக்கு ஒரு பங்கு இடத்தில் நீர் இருந்ததாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும், 300 மீட்டர் ஆழம் வற்றியதால் குறையும் பாரம் வெறும் 3 மீட்டர் நீருக்குச் சமம். சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ. இதைவிட நீலகிரியும் ஆனைமலையும் கணவாயின் இருபுறமும் இரண்டரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு நின்று, நடுவே வெறுமையாக இருப்பதால் உண்டாகும் பார வேறுபாடு ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரிது. தகைவு கணவாயை ஒட்டி ஏன் கூடுதலாகக் குவிகிறது என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மலைகளைத்தான் என்பது என் கருத்து.

கோணம்

வரைபடத்தில் விரல் போகும் பட்டைக்குத் திரும்புவோம். பாறையை நெருக்கும் திசைக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்த பிளவுதான் மிக எளிதில் நழுவும். நெருக்கத்துக்கு நேர் குறுக்கே செங்குத்தாக நிற்கும் பிளவோ, நெருக்க நெருக்க மேலும் இறுகும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே நிற்க வைத்த அட்டைபோல. பாலக்காடு–காவிரிப் பட்டையின் பொதுத் திசை கிழக்கு–மேற்கு. அதன் பாறை அடுக்குகள் பெரும்பாலும் செங்குத்தானவை. நெருக்கமோ வடக்கு–வடகிழக்கு. அதாவது வரைபடத்தில் மிகத் தடிப்பாக இருக்கும் கோடுதான், இன்றைய நெருக்கத்தில் நழுவுவதற்கு மிகவும் தகாத கோணத்தில் இருக்கிறது.

தடித்த கோட்டுக்கு மாறான சாட்சி கணவாயின் மேற்கு வாயிலில் இருக்கிறது. 1994 டிசம்பர் 2 அன்று கேரளத்தின் வடக்காஞ்சேரி அருகே 4.3 அளவு நடுக்கம் வந்தது. அதைத் தொடர்ந்து பாரதப்புழைப் படுகையில் தேடிய ஆய்வாளர்கள் தேசமங்கலம் அருகே வடமேற்கு–தென்கிழக்காக ஓடும், தெற்கு நோக்கிச் சாய்ந்த ஒரு பிளவைக் கண்டார்கள். நெருக்கத்தால் ஒரு பக்கம் மேலேறும் வகைப் பிளவு அது. பட்டையின் பொதுத் திசையைக் குறுக்கே வெட்டுகிறது. பிளவுக்குள் அரைபட்ட பொடியைக் காலக்கணிப்புச் செய்தபோது, பெரிய நகர்வு ஒன்று சுமார் 4,30,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகத் தெரிந்தது. 55 கோடி ஆண்டுப் பழைய நிலத்தில் நாலேகால் லட்சம் ஆண்டு என்பது நேற்று நடந்தது போலத்தான். ஆகவே 1900-க்குக் காரணமான பிளவைத் தேடுவோர் தடித்த கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருப்பதைவிட, அதைச் சாய்வாக வெட்டும் சிறு கோடுகளைப் பார்ப்பதே பொருத்தம்.

சிறு கோடு என்றாலும் எவ்வளவு சிறியது? 10 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் ஆழமும் உள்ள பிளவு முகம் ஒரே மூச்சில் 40 சென்டிமீட்டர் நகர்ந்தால் 6 அளவு நடுக்கம் வரும். அந்த முகம் பூமிக்குள்ளேயே நின்றுவிட்டால் மேலே ஒரு கீறலும் இராது. 1900-இல் தரை கிழியாததில் புதிர் ஒன்றும் இல்லை.

அதே 40 சென்டிமீட்டரை வைத்து இன்னொரு கணக்கும் போடலாம். ஒரு பிளவின் மேல் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வீதம் நகர்வு சேருகிறது என்று கொண்டால், மறுபடி அதே அளவு நழுவ 40,000 ஆண்டுகள் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 4 லட்சம் ஆண்டுகள். கலிபோர்னியச் சட்டம் கடந்த 11,700 ஆண்டுகளுக்குள் நகர்ந்ததைத்தான் செயல்படும் பிளவு என்று ஏற்கிறது. தட்டின் விளிம்பில் ஓரிரு நூற்றாண்டுக்கு ஒரு முறை நகரும் பிளவுகளுக்கு வெட்டிய முழக்கோல் அது. அதைக் கொண்டுவந்து நம் நிலத்தில் அளந்தால் எல்லாப் பிளவும் செத்ததாகவே தெரியும். 1993 செப்டம்பர் 30 அதிகாலை லாத்தூர் மாவட்டம் கிள்ளாரியில் 6.2 அளவு நடுக்கம் ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றபோது, அந்த இடம் நாட்டின் வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 2002 திருத்தத்தில் முதல் மண்டலம் என்ற வகையையே எடுத்துவிட்டார்கள். அந்த 2002 வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத்தொகுதி அது.

ஒரு கிணற்றுச் சுவர்

இந்தக் கணக்குகளை எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் கிடைத்தது. அறுபது அடி வெட்டுக்கிணறு, மேலும் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேலே மூன்றடி செம்மண். அதற்கடியில் இரண்டடிக்கு வெள்ளையாகச் சுக்கான், அதாவது சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. பிறகு உளுத்த பாறை. அப்புறம் வரிவரியான நைஸ். வடக்குச் சுவரில் சுக்கானுக்கு அடியிலிருந்து கிணற்றின் தரை வரை, ஏறத்தாழ செங்குத்தாக, ஒரு சாண் அகலத்தில் பச்சை கலந்த வெளிறிய பட்டை ஒன்று இறங்கியது. முப்பத்தைந்தடி மட்டத்தில் அதிலிருந்து நீர் கசிந்தது. கிணறு வெட்டும் பெரியவர் கம்பியால் அதைக் குத்திக் காட்டினார்: "இது பாறையுமில்லீங்க, மண்ணுமில்லீங்க. கடப்பாறை வெச்சா வெண்ணெயாட்ட எறங்குது. வெடி வெச்சா அப்பிடியே அமுங்கிப் போயிருதுங்க." வெடியின் விசையை மென்மையான பொருள் விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

பட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சீவி எடுத்தபோது பாறையின் முகம் கண்ணாடி போல மினுங்கியது. அதில் விரல் நகத்தால் உணரக்கூடிய நுண்ணிய வரிகள், கிடைமட்டமாக. கடைசி முறை நழுவியபோது ஒரு பக்கம் மற்றொன்றை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது என்பதற்கு அவையே சான்று. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் பட்டை வடகிழக்கு–தென்மேற்கு. அதாவது இன்றைய நெருக்கத்துக்கு ஏறத்தாழ 30 டிகிரி, செங்குத்தான முகம், பக்கவாட்டு நழுவல், உள்ளே களிமண், அதில் நீர். நழுவுவதற்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில்.

எனவே மேலே ஏறி சுக்கான் அடுக்கைப் பார்த்தோம். பட்டை அதன் அடிவரை வந்து நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் நழுவும் பிளவு கிடையான அடுக்கை மேலும் கீழுமாகப் பெயர்க்காது என்பது உண்மைதான். ஆனால் அதைக் கடந்து போகும்போது வெடிக்காமல் விடாது. வெடிப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. சுக்கான் மழைநீரில் கரைந்து மறுபடி இறுகும் பொருள். பழைய வெடிப்பை அதுவே பூசி மறைத்திருக்கலாம். அந்த ஐயத்தால் பட்டைக்கு நேர் மேலே இரண்டு இடங்களில் சுத்தியால் உடைத்து உட்புறம் பார்த்தோம். காகிதக் கட்டுப் போன்ற மெல்லிய உள் அடுக்குகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறுபடாமல் சென்றன. அந்தச் சுக்கான் படிந்த பிறகு இந்தப் பட்டை நகரவில்லை. அதற்கு முன் எப்போது என்பதைக் களிமண்ணின் காலக்கணிப்புத்தான் சொல்ல முடியும்.

இருபதடி அகலக் கிணற்றில் தெரியும் ஒரு சாண் பட்டையை வைத்துப் பெரிய நடுக்கத்தைப் பேசவும் முடியாது. அது பத்து கிலோமீட்டர் தொடர்ந்தால்தான் 6 அளவுக்குக் கணக்கு வரும். அடுத்த இரண்டு தோட்டங்களின் கிணறுகளில், அதே திசையில் கோடிழுத்துப் போய்ப் பார்த்தோம். முதலாவதில் நாலு விரல் அகலத்துக்கு அதே பச்சைக் களிமண் இருந்தது. இரண்டாவதில் இல்லை.

தோட்டக்காரர் கேட்ட கேள்வி வேறு. அவருக்கு நடுக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. நீர் கசியும் இடத்தில் சுவர் சரிந்து வேலையாள் மேல் விழுமா என்பதுதான் கவலை. விழும் என்றோம். அடுத்த வாரம் முப்பதாவது அடியிலிருந்து நாற்பதாவது அடி வரை, ஊற்றுக்கு இரண்டு குழாய் விட்டு, கான்கிரீட் வளையம் இறக்கினார்கள். வரி விழுந்த அந்த மினுங்கும் முகம் இப்போது வளையத்துக்குப் பின்னால் இருக்கிறது.